பரிசு தரும் தளத்தில் டவுன்வோட்: எப்போது நியாயம், எவ்வளவு போதும்?

கேள்வி: வாசகர் வாக்குக்கு ஏற்பக் கிரிப்டோ நாணயத்தில் பரிசு தரும் ஹைவ் தளத்தில் மூன்று ஆண்டுகளாக எழுதியும் வாக்களித்தும் வருகிறேன். என் முழு வாக்கின் மதிப்பு இப்போது சுமார் 0.60 எச்.பி.டி. (ஏறத்தாழ ஒரு டாலருக்கு ஈடாக வைக்கப்பட்ட ஹைவின் நாணயம்). எங்கள் குழுவில் ஒருவர் தினமும் ஒரு புகைப்படம் போட்டு, கீழே மூன்று வரி எழுதுகிறார். ஒவ்வொன்றுக்கும் 18 எச்.பி.டி. வரை காட்டுகிறது. அதில் பெரும்பகுதி ஒரே ஒரு பெரிய கணக்கின் தானியங்கி வாக்கு. உழைத்து எழுதும் கட்டுரைகளோ 1 எச்.பி.டி.யைத் தாண்டுவதில்லை. இவருக்கு நான் டவுன்வோட், அதாவது பரிசைக் குறைக்கும் எதிர்வாக்கு, போடுவது சரியா? "உன் பங்கு, உன் உரிமை, போடு" என்கிறார் ஒரு நண்பர். "அடுத்தவர் சம்பாத்தியத்தில் கை வைப்பது திருட்டு" என்கிறார் இன்னொருவர். இரண்டு மாதங்களுக்கு முன் காப்பியடித்த கட்டுரை ஒன்றுக்கு டவுன்வோட் போட்டேன். அன்றிலிருந்து அதை எழுதியவர் என் பதிவு ஒன்றையும் விடாமல் டவுன்வோட் போடுகிறார். அவரை என்ன செய்வது? கடைசியாக ஒன்று: எனக்குச் சற்றும் ஒப்பாத கருத்துகளை எழுதுபவருக்குப் பரிசு போவதை நான் தடுக்கலாமா?

பதில்: உங்கள் நண்பர்கள் எதிரெதிராகப் பேசினாலும் இருவரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். திரையில் தெரியும் அந்த 18 எச்.பி.டி. யாருடைய பணம் என்று இருவருமே கேட்கவில்லை.

அது எழுதியவரின் பணம் இல்லை. இன்னும் ஆகவில்லை. பதிவு வெளியான நேரத்திலிருந்து 7 நாள் வரை வாக்குகள் கூடலாம், குறையலாம். அந்த 7 நாள் முடிந்த பிறகுதான் தொகை கணக்கில் சேரும். அதுவரை திரையில் இருப்பது வெறும் மதிப்பீடு. யாரும் வாக்கை மாற்றாவிட்டாலும் ஹைவ் நாணயத்தின் விலை ஏறி இறங்கினால் அந்த எண் தானாகவே மாறும். அதே நேரம் அது வாக்களித்த பெரிய கணக்கின் பணமும் இல்லை. வாக்குப் போட்டதால் அவர் கையிலிருந்து ஒரு காசும் குறையவில்லை. அந்தத் தொகை ஹைவ் சங்கிலி (தளத்தின் கணக்கேடான பிளாக்செயின்) புதிதாக உருவாக்கும் நாணயத்திலிருந்து வருகிறது. அப்படி உருவாவதில் 65 சதவீதம் எழுதுபவர்களுக்கும் வாக்களிப்பவர்களுக்குமான பொதுத் தொகுப்புக்குப் போகிறது. மீதியில் 15 சதவீதம் ஹைவ் பவர் (வாக்கு பலத்துக்காகப் பூட்டி வைத்த நாணயம்) வைத்திருப்பவர்களுக்கு, 10 சதவீதம் சங்கிலியை இயக்கும் விட்னஸ்களுக்கு, 10 சதவீதம் வளர்ச்சி நிதிக்கு. புதிய நாணயம் உருவாகும்போது பழைய நாணயத்தின் மதிப்பு கொஞ்சம் நீர்த்துப்போகிறது. ஆகவே நாணயம் வைத்திருக்கும் எல்லோரும் சேர்ந்துதான் அந்தத் தொகுப்புக்குப் படியளக்கிறார்கள், நீங்கள் உட்பட.

தொகுப்பின் அளவு நிலையானது. ஒரு பதிவுக்கு 16 எச்.பி.டி. மதிப்புள்ள அப்வோட் விழுந்தால், அந்த நேரத்தில் காத்திருக்கும் மற்ற எல்லாப் பதிவுகளின் தொகையிலும் கண்ணுக்குத் தெரியாத அளவு குறைகிறது. அதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. ஆயிரக்கணக்கான பதிவுகளில் சிதறுவதால் யாருக்கும் வலிப்பதில்லை. டவுன்வோட் இதையே திருப்பிச் செய்கிறது. ஒரு பதிவிலிருந்து எடுத்து மற்ற எல்லாவற்றுக்கும் சிதறவிடுகிறது. போட்டவருக்கு அதில் ஒரு காசும் கிடைக்காது. இழப்பு மட்டும் ஓரிடத்தில், ஒரு பெயரில் குவிவதால் வலி பெரிதாகிறது. அந்த வலியை நான் அற்பமாகச் சொல்லவில்லை. 18 என்று மூன்று நாள் பார்த்துவிட்டு 11 ஆகும்போது கையிலிருந்து பிடுங்கியதாகத்தான் தோன்றும். ஆனால் வலி இருப்பதாலேயே அது திருட்டு ஆகிவிடாது.

"உன் பங்கு, உன் உரிமை" என்பவர் தவறுவதும் இங்கேதான். பங்கு, அதாவது நீங்கள் வைத்திருக்கும் நாணயம், உங்களுடையது, உண்மை. விற்கலாம், வைத்திருக்கலாம். ஆனால் வாக்கு என்பது பங்கைச் செலவழிப்பதில்லை, பொதுப் பணத்தைப் பங்கிடுவது. பங்கிடும் கரண்டி உங்கள் கையில் இருப்பதால் பாத்திரமே உங்களுடையது என்றாகிவிடாது. இது அப்வோட்டுக்கும் அப்படியே பொருந்தும். டவுன்வோட்டின் நியாயத்தைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள் தங்கள் தானியங்கி அப்வோட் யாருக்குப் போகிறது என்று ஆறு மாதமாகத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஹைவ் 2020 மார்ச்சில் ஸ்டீமிலிருந்து பிரிந்த சங்கிலி. 2016-ல் தொடங்கிய ஸ்டீமின் வெள்ளை அறிக்கையிலேயே (திட்டத்தை விளக்கும் ஆவணம்) வாளிக்குள் நண்டுகள் கதை வருகிறது. ஒரு நண்டு ஏறினால் மற்றவை இழுத்துப் போடும் என்று பொறாமையைக் கேலி செய்ய நாம் சொல்லும் அதே கதைதான். அங்கே அதைத் தலைகீழாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்: பொதுத் தொகுப்பிலிருந்து ஒருவர் தன் பங்குக்கு மேல் அள்ளிக்கொண்டு ஏறாமல் மற்றவர்கள் இழுத்துப் பிடிப்பது நல்லது என்று. கருத்து ரசிக்கத்தக்கது. ஆனால் எல்லா நண்டும் ஒரே அளவு இல்லை என்பதைக் கதை சொல்வதில்லை. பங்கின் அளவுக்கு வாக்கு என்ற விதி இருக்கும் இடத்தில் பெரிய நண்டு ஏறினால் சின்ன நண்டுகளால் இழுக்க முடியாது. பெரியது இழுத்தால் சின்னது எழவும் முடியாது. டவுன்வோட்டின் நியாயச் சிக்கல் முழுவதும் இந்த அளவு வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது.

இனி உங்கள் புகைப்படக்காரர். முதலில் கணக்கைப் பார்ப்போம். 18 எச்.பி.டி.யில் பாதி, அதாவது 9, எழுதியவருக்கு, பாதி வாக்களித்தவர்களுக்கு. ஒரு கணக்கு ஒரு பதிவுக்கு ஒரு வாக்குதான் போட முடியும். நீங்கள் 100 சதவீதம் டவுன்வோட் போட்டால் 18 என்பது ஏறத்தாழ 17.40 ஆகும். எழுதியவருக்கு 30 சென்ட் குறையும், வாக்களித்தவர்களுக்கு எல்லோருமாகச் சேர்த்து 30 சென்ட். இந்தப் பதிவுக்கு 6 போதும் என்பது உங்கள் மதிப்பீடு என்றால், 12 குறைக்க உங்களைப் போன்ற 20 கணக்குகள் வேண்டும். அதுவும் தினமும். ஆகவே உங்கள் டவுன்வோட் அவருடைய வருமானத்தைத் திருத்தாது. அது ஒரு அறிவிப்பாக மட்டுமே இருக்கும். அறிவிப்பு என்றால் அதை யாருக்குச் சொல்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

பதிவின் கீழ் வாக்காளர் பட்டியலைத் திறந்து, மதிப்பின்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒரே நாளை வைத்து முடிவு செய்யாமல் கடைசி 20 பதிவுகளையாவது பாருங்கள். ஒவ்வொன்றிலும் முதல் வாக்காளரின் பங்கு எத்தனை சதவீதம், பதிவு வந்து எத்தனை நிமிடத்தில் அந்த வாக்கு விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 10 சதவீதம் ஒருவர், 8 சதவீதம் இன்னொருவர் என்று பலர் விரும்பி வாக்களித்திருந்தால், உங்களுக்குப் பிடிக்காத படம் மற்றவர்களுக்குப் பிடித்திருக்கிறது. அங்கே டவுன்வோட்டுக்கு இடமில்லை. 18-ல் 16.50 ஒரே கணக்கிலிருந்து, தினமும் அதே ஐந்தாவது நிமிடத்தில் வருகிறது என்றால் உங்கள் வழக்கு புகைப்படக்காரர் மேல் இல்லை. அவர் வாக்குக் கேட்கவில்லை, ஏமாற்றவில்லை, எதையும் திருடவில்லை. அவர் செய்தது படம் போட்டது மட்டும். வழக்கு அந்த வாக்காளரோடு. அவரோடு பேசாமல் புகைப்படக்காரரை வெட்டுவது எய்தவன் இருக்க அம்பை நோவது போல.

பேசினால் கேட்பாரா? பலர் கேட்பார்கள், காரணமும் உண்டு. முன்பெல்லாம் யார் முந்தி வாக்களிக்கிறார் என்பதைப் பொறுத்து வாக்காளரின் வருமானம் மாறியது. அதனால் நிச்சயம் பணம் சேரும் எழுத்தாளர்களைத் தேர்ந்து முந்திக்கொண்டு தானியங்கி வாக்கு வைத்தார்கள். 2021 ஜூன் இறுதியில் வந்த 25-ஆவது ஹார்டு ஃபோர்க்கில் (சங்கிலியின் விதிகளை மாற்றும் புதுப்பிப்பு) அது மாறிவிட்டது. முதல் 24 மணி நேரத்துக்குள் விழும் எல்லா வாக்குக்கும் ஒரே கணக்கு. 24 முதல் 72 மணி வரை பாதி மதிப்பு, அதற்குப் பிறகு எட்டில் ஒரு பங்கு. ஆகவே அந்தப் பெரிய கணக்கு தன் வாக்கை ஒரே ஆளுக்குக் கொட்டினாலும், 8 பேருக்குப் பிரித்தாலும், 24 மணிக்குள் போட்டால் அவருக்குத் திரும்பி வருவது ஏறத்தாழ ஒன்றுதான். பிரித்துப் போடச் சொல்வதால் அவருக்கு நஷ்டம் இல்லை. இந்த விஷயத்தை அறியாமல் 2019-ல் அமைத்த தானியங்கிப் பட்டியலை அப்படியே ஓடவிட்டிருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான்கு வரியில், மரியாதையாக, "இந்தக் குழுவில் நன்றாக எழுதும் இவர்களையும் பாருங்கள்" என்று ஐந்து பதிவுகளின் இணைப்போடு எழுதுங்கள். குற்றப்பத்திரிகை வேண்டாம், பரிந்துரைப் பட்டியலாக இருக்கட்டும்.

இரண்டு வாரம் பதிலே இல்லை, வாக்கும் அதே மாதிரி விழுகிறது என்றால் டவுன்வோட் நியாயமான அடுத்த படி. தொகையில் 3 சதவீதம்தான் குறையும் என்றாலும் வாக்காளரின் வருமானத்திலும் அதே விகிதம் குறையும். டவுன்வோட் விழும் இடத்தைத் தானியங்கி வாக்காளர்கள் தவிர்க்கத் தொடங்குவார்கள். இதே எண்ணம் உள்ளவர்கள் இன்னும் சிலர் இருந்தால், குழுவில் எல்லோர் கண்ணிலும் படும்படி பேசி முடிவெடுங்கள். மறைவான அரட்டைக் குழுவில் பெயர்ப் பட்டியல் போட்டு ஒரே நேரத்தில் பாய்வது, காரணம் எவ்வளவு சரியாக இருந்தாலும், எதிரில் இருப்பவருக்குக் கும்பல் தாக்குதலாகத்தான் தெரியும். அப்படித் தெரிவதில் தவறும் இல்லை.

எப்போது போடுவது என்பதிலும் நியாயம் இருக்கிறது. தொகை அதிகம் என்ற காரணத்துக்காக என்றால், முதல் 24 மணி நேரம் பொறுங்கள். பெரும்பாலான வாக்குகள் அதற்குள் விழுந்துவிடும், எவ்வளவு சேர்கிறது என்று தெரியாமல் வெட்டுவதில் பொருள் இல்லை. இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் போட்டுவிடுங்கள். எழுதியவர் காரணம் கேட்கவும், விளக்கம் தரவும், நீங்கள் தவறு என்று உணர்ந்தால் வாக்கைத் திரும்பப் பெறவும் நேரம் இருக்கும். கடைசி சில மணி நேரத்தில் வந்து வெட்டுபவர் பதிலுக்கு வழியில்லாத நேரம் பார்த்தே வருகிறார் என்றுதான் எவரும் நினைப்பார்கள். மோசடி இணைப்பும் குப்பைப் பதிவும் இதற்கு விலக்கு. அவற்றுக்குப் பார்த்த நிமிடமே.

பலத்தின் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 100 சதவீத அப்வோட் ஒன்று உங்கள் வாக்கு பலத்தில் 2 சதவீதத்தை எடுக்கும். ஒரு நாளில் 20 சதவீதம் மீளும். ஆக நாளுக்கு 10 முழு வாக்கு. 2019 ஆகஸ்டில் ஸ்டீமில் வந்த 21-ஆவது ஹார்டு ஃபோர்க் டவுன்வோட்டுக்கென்று தனிப் பலம் ஒன்றை ஒதுக்கியது. ஹைவிலும் அது தொடர்கிறது. அளவு, வாக்கு பலத்தில் கால் பங்கு. நாளுக்கு இரண்டரை முழு டவுன்வோட். அதற்கு முன்பு டவுன்வோட் போட்டால் அப்வோட் பலம் குறையும், அதனால் வரும் வருமானமும் போகும். அதாவது பொது நன்மைக்காகப் போலீஸ் வேலை பார்ப்பவர் சொந்தக் காசை இழக்க வேண்டியிருந்தது, ஒருவரும் செய்யவில்லை. காசு வாங்கி வாக்குப் போடும் தானியங்கிக் கணக்குகள் 2018-ல் அப்படிச் செழித்ததற்கு இதுவும் ஒரு காரணம். தனிப் பலம் தந்த பிறகு டவுன்வோட் இலவசமானது. இலவசமானதும் வேறு நோய் வந்தது: தீர்ந்துபோகாமல் மீள்கிறதே, வீணாவானேன் என்று போடுபவர்கள். ஒதுக்கீடு மிச்சம் இருப்பது டவுன்வோட்டுக்குக் காரணம் ஆகாது. மாதக்கணக்கில் அது நிறைந்தே கிடந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

ஒப்பிடுவதற்கு ஒன்று சொல்கிறேன். நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒரு பதிலுக்கு டவுன்வோட் போட்டால் எழுதியவருக்கு 2 புள்ளி குறையும், போட்டவருக்கும் 1 புள்ளி குறையும். 125 புள்ளி சேரும்வரை போடவே முடியாது. அந்த ஒரு புள்ளி பெரிய இழப்பில்லை. ஆனால் கையை ஒரு நொடி நிறுத்தும். ஹைவில் அந்த நொடியை விதி தராது, நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு வழி: டவுன்வோட் போடும் முன் அதன் காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அந்த வாக்கியம் பதிவையோ தொகையையோ பற்றியதாக இருந்தால் போடலாம். ஆளைப் பற்றியதாக இருந்தால் மூடிவிடுங்கள். பிறகு அதே வாக்கியத்தை உங்களுக்குப் பிடித்த எழுத்தாளரின் பதிவுக்கு வைத்துப் பாருங்கள். அவருக்குப் போட மாட்டேன் என்றால் இவருக்கும் வேண்டாம்.

அடுத்து, பூஜ்யத்துக்கு மேலே நிறுத்துவதா, கீழே கொண்டுபோவதா என்பது. இது பலரும் கவனிக்காத கோடு. 18 எச்.பி.டி. 6 ஆனாலும், 0 ஆனாலும், அது பணப் பங்கீட்டைப் பற்றிய கருத்து வேறுபாடு. நிகர வாக்கு பூஜ்யத்துக்குக் கீழே போனால் ஹைவைப் படிக்க உதவும் பல முகப்புத் தளங்களில் பதிவு மங்கலாகும் அல்லது மறைக்கப்படும். அங்கே நீங்கள் பணத்தைத் தாண்டி, பேச்சின் மேல் கை வைக்கிறீர்கள். நன்மதிப்பு எண்ணும் சேர்ந்து அடி வாங்கும். எல்லாக் கணக்கும் 25-ல் தொடங்கும் அந்த எண்ணில், தன்னைவிட உயர்ந்த நன்மதிப்பு உள்ளவர் டவுன்வோட் போட்டால் இறக்கம் உண்டு. குறைந்தவர் போட்டால் பாதிப்பில்லை. புதிதாக வந்தவரின் இரண்டாவது பதிவுக்குப் பெரிய கணக்கு ஒன்று 100 சதவீதம் டவுன்வோட் போட்டால் அவர் எண் 25-க்குக் கீழே சரியும். அதன் பிறகு அவர் திரும்பி வர மாட்டார். தவறு தெரியாமல் செய்தவர் என்ற சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும் புதியவருக்கு முதலில் கருத்து எழுதுங்கள், வாக்கு பிறகு.

காப்பியடித்த கட்டுரைக்கு நீங்கள் போட்டது சரி. செய்த முறை எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறைக்காகச் சொல்கிறேன். கட்டுரையின் நடுப்பகுதியிலிருந்து இரண்டு வாக்கியங்களை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடுங்கள். முதல் பத்தியை எல்லோரும் மாற்றி எழுதிவிடுவார்கள், நடுவில் சோம்பல் வந்துவிடும். படம் என்றால் படத்தை வைத்துத் தேடும் வசதியைப் பயன்படுத்துங்கள். கிடைத்த மூலத்தின் தேதி பதிவின் தேதிக்கு முந்தையதா என்று பாருங்கள். மூலத்தை எழுதியவரும் இவரும் ஒரே ஆளாக இருக்கலாம். தன் பழைய வலைப்பக்கத்திலிருந்து எடுத்துப் போடுவது திருட்டு இல்லை, சொல்லாமல் போட்டது குறைதான். பிற மொழியிலிருந்து மொழிபெயர்த்துப் போட்டால் நேரடித் தேடலில் அகப்படாது. ஊர்ப் பெயர், எண்கள், உவமை போன்றவற்றை மூல மொழியில் தேட வேண்டும். இயந்திரம் எழுதியதா என்று சொல்லும் கருவிகளை மட்டும் நம்பி யாரையும் தண்டிக்காதீர்கள். சொந்தமாக எழுதியவரையே அவை மாட்டிவிடுவது உண்டு.

உறுதியானதும் பதிவின் கீழ் எழுதுங்கள்: "இந்தக் கட்டுரையின் 3, 4, 5-ஆம் பத்திகள் இந்த இணைப்பில் உள்ள கட்டுரையோடு வரிக்கு வரி ஒத்திருக்கின்றன. மூலத்தைக் குறிப்பிட்டுத் திருத்தாவிட்டால் நாளை டவுன்வோட் போடுவேன், பிறகு திருத்தினாலும் அந்த வாக்கை நீக்கிவிடுவேன்." இவ்வளவு போதும். அவமானப்படுத்தும் ஒரு சொல்லும் வேண்டாம். அந்தக் கருத்துக்கு நீங்களே அப்வோட் போட்டுக்கொள்ளவும் வேண்டாம் (போடுகிறார்கள்!). 24 மணி நேரம் கழித்தும் மாற்றம் இல்லையென்றால் 100 சதவீதம். திருத்திவிட்டால் சொன்னபடி வாக்கை நீக்குங்கள். நீக்கினால் அவருக்குத் தொகை மீளும், நீங்கள் செலவழித்த பலம் மட்டும் திரும்பாது. அது உங்கள் வாக்குறுதியின் விலை. தொடர்ந்து செய்பவர் என்றால் ஹைவ்வாட்சர்ஸ் போன்ற காவல் கணக்குகளுக்குச் சான்றோடு தகவல் தருவது நல்லது. அவர்களிடம் பலமும் அதிகம், பழியைத் தாங்கும் தோளும் உண்டு.

இப்போது உங்கள் மேல் விழும் பழிவாங்கல். முதலில் அளந்து பாருங்கள். சங்கிலி ஆய்வுத் தளம் ஒன்றில் அவருடைய ஹைவ் பவர் எவ்வளவு, அதில் சொந்தம் எவ்வளவு, பிறர் டெலிகேட் செய்தது (இரவலாகக் கொடுத்தது) எவ்வளவு என்று தெரியும். உங்கள் கடைசிப் பத்துப் பதிவுகளில் அவர் வாக்கால் மொத்தம் எவ்வளவு குறைந்தது என்று கூட்டுங்கள். பதிவுக்கு 5 சென்ட் என்றால் அதைப் பற்றி எழுதும் கோபப் பதிவுக்கு ஆகும் நேரத்தின் மதிப்பே அதைவிட அதிகம். அவருக்கு இலவச ஒதுக்கீடு நாளுக்கு இரண்டரை முழு வாக்குதான். அதைத் தாண்டினால் அப்வோட் பலத்திலிருந்து போகும், தன் வருமானத்தையே அவர் எரிக்க வேண்டியிருக்கும். பெரும்பாலோர் இரண்டு மூன்று மாதத்தில் சலித்துவிடுவார்கள். உங்கள் நன்மதிப்பு எண் அவருடையதைவிட உயர்ந்தது என்றால் அதற்கும் ஆபத்தில்லை. பிறர் டெலிகேட் செய்த பலத்தால் அடிக்கிறார் என்றால், பலம் கொடுத்தவருக்கு நடந்ததை இணைப்புகளோடு எழுதுங்கள். தன் பலம் பழிவாங்கப் பயன்படுவது பலருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தால் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள்.

திருப்பி அடிப்பது மட்டும் வேண்டாம். நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், பலன் கிடையாது. 2014-ல் ஜஸ்டின் செங், கிறிஸ்டியன் டானெஸ்கு-நிகுலெஸ்கு-மிசில், யூரே லெஸ்கோவெட்ஸ் ஆகியோர் நான்கு செய்தித் தளங்களின் வாசகர் கருத்துகளை ஆராய்ந்தார்கள். எதிர்வாக்கு வாங்கியவர்கள் ஓயவில்லை. இன்னும் அதிகமாக எழுதினார்கள், தரம் இன்னும் குறைந்தது, மற்றவர்களுக்கு எதிர்வாக்குப் போடுவதும் கூடியது. அங்கே காசு கிடையாது. காசும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2013-ல் சயன்ஸ் இதழில் வந்த இன்னொரு ஆய்வு, கருத்துகளுக்கு வேண்டுமென்றே முதல் வாக்கைப் போட்டுச் சோதித்தது. பொய்யான அப்வோட் இறுதி மதிப்பெண்ணைச் சராசரியாக 25 சதவீதம் உயர்த்தியது. பொய்யான டவுன்வோட்டையோ பின்னால் வந்தவர்கள் அப்வோட் போட்டு ஈடுகட்டிவிட்டார்கள். தலைக்கு ஒரு வாக்கு இருக்கும் இடத்தில் கூட்டம் அநியாயத்தைத் தானே திருத்தும் என்று இதிலிருந்து கொள்ளலாம். பங்குக்கு ஏற்ப வாக்கு இருக்கும் இடத்தில் 200 சிறிய கணக்குகள் வந்து ஈடுகட்டினாலும் ஒரு பெரிய கணக்கின் அடி அப்படியே நிற்கலாம். அதனால்தான் பெரிய பங்கு வைத்திருப்பவரின் அவசர டவுன்வோட்டை நான் சிறியவருடையதைவிடக் கடுமையாகப் பார்க்கிறேன். சிறியவரின் தவறைக் கூட்டம் திருத்திவிடும், பெரியவரின் தவறை அவரேதான் திருத்த வேண்டும்.

இனி அவருடைய அடுத்த காப்பி உங்கள் கண்ணில் பட்டாலும் நீங்களே போடாதீர்கள். சான்றை வேறொருவரிடம் கொடுங்கள். காரணம் நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும், சண்டையில் இருப்பவர் போடும் வாக்கைப் பார்ப்பவர்கள் சண்டையாகவே படிப்பார்கள். ஒரே போட்டியில் கலந்துகொள்பவர், ஒரே குழுவின் பொறுப்புக்கு எதிரெதிரே நின்றவர் என்றாலும் இதே விதிதான்.

ஒப்பாத கருத்து விஷயத்தில் என் பதில் சுருக்கமானது: வேண்டாம். அதற்குக் கருத்துப் பெட்டி இருக்கிறது. அவருக்கு வாக்களித்த பத்துப் பேர் அதை மதிப்புள்ளது என்று நினைத்தார்கள். உங்கள் வெறுப்பு அவர்கள் மதிப்பீட்டைத் தள்ளுபடி செய்யும் காரணம் ஆகாது. நாளைக்கு எதிர்ப்பக்கத்தில் பெரிய பங்கு உள்ளவர் இதே நியாயத்தை உங்கள் மேல் பயன்படுத்துவார். ஆனால் "கருத்து" என்ற போர்வையில் வருவது எல்லாம் கருத்து இல்லை. ஒருவரின் வீட்டு முகவரியை வெளியிடுவது, கணக்குச் சாவியைப் பிடுங்கும் இணைப்பு, ஆளைக் குறிவைத்த மிரட்டல் ஆகியவற்றைப் பூஜ்யத்துக்குக் கீழே கொண்டுபோவதில் தயங்க வேண்டியதில்லை. நடுவில் கடினமான ஒன்று உண்டு: மருந்தை நிறுத்துங்கள், இதைக் குடியுங்கள் என்கிற வகைப் பதிவு. எழுதுபவர் அதை நம்பியே எழுதியிருப்பார். என் கருத்தில், முதலில் சான்றோடு மறுப்பு எழுதுங்கள், பிறகு பரிசைக் குறையுங்கள், ஆனால் மறைக்கும் அளவுக்குப் போகாதீர்கள். மறுப்பும் சேர்ந்து மறைந்துவிடும். அதைப் படிக்க வேண்டியவர் தேடி வரும்போது எதுவும் இருக்காது. இதை ஒப்பாதவர்கள் உண்டு, அவர்கள் வாதத்திலும் பலம் இருக்கிறது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மூன்று ஆண்டில் நீங்கள் யாருக்காவது ஹைவ் பவர் டெலிகேட் செய்திருக்கலாம், தானியங்கி வாக்குச் சேவை எதற்காவது போஸ்டிங் அனுமதி (உங்கள் பெயரில் பதிவிடவும் வாக்களிக்கவும் அனுமதி) கொடுத்திருக்கலாம், யாருடைய வாக்கையாவது பின்தொடரும் அமைப்பில் சேர்ந்திருக்கலாம். அவற்றின் வழியாக உங்கள் பெயரிலும் உங்கள் பலத்திலும் டவுன்வோட் போய்க்கொண்டிருக்கக்கூடும். இந்த வாரமே உங்கள் கணக்கின் வாக்கு வரலாற்றைத் திறந்து கடைசி 30 நாளில் எதிர்மறை வாக்குகளை மட்டும் பாருங்கள். நீங்கள் போட்டதாக நினைவில்லாதது ஒன்று இருந்தாலும், அது எந்த வழியாகப் போனது என்று கண்டுபிடித்து அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள். டெலிகேட் செய்ததைத் திரும்பப் பெற 5 நாள் ஆகும். உங்களுக்கு டவுன்வோட் போடும் அந்த நபரின் கட்டுரை தவிர வேறு யாருக்கும் நீங்கள் போடவில்லை என்பது உறுதியான பிறகு பெரிய வாக்காளருக்கு எழுதுங்கள். அவரும் உங்கள் வரலாற்றைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பதில் எழுதுவார்.